பத்து வயதில் தொடங்கிய தொழில்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, காலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்து வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் நம்மை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்றார். எப்போதும் சிரித்த முகத்தோடு பேசுபவர், அன்று வாடியிருந்தார்.

"ஐயா, என் மூத்த பையன் கையிலே பச்சை குத்திக்கொண்டு வந்திருக்கிறான். அதுகூடப் போகட்டும். அந்தத் தொழிலையே கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறான். தொழிற்கல்வி படிக்க வைத்தது இதற்குத்தானா? இது பாவமில்லையா? நீங்கள்தான் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்றார்.

நாம் அவசரத்தில் இருந்தோம். "நல்ல குடும்பத்துப் பிள்ளை செய்கிற வேலையா இது? கண்டித்து வையுங்கள், சரியாகிவிடும்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வீடு திரும்பினோம். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பச்சை குத்தும் தொழிலைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாத ஒரு தொழிலைப் பற்றி, ஓர் இளைஞனின் வாழ்வையே தீர்மானிக்கும் விதத்தில், இரண்டு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்!

அதன்பின் நாம் தேடிப் படித்தோம். அப்படிப் படித்ததில் நம் உள்ளத்தில் நின்றுவிட்ட ஒரு மனிதரின் வரலாற்றையே இம்மாதம் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அவர் பெயர் டான் எட் ஹார்டி. அமெரிக்கர். பச்சை குத்துவதையும் ஓவியம் வரைவதையும் வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்.

ஹார்டி 1945 ஜனவரியில் ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்ததோ கலிபோர்னியாவின் தென் கடற்கரையில், கொரோனா டெல் மார் என்னும் ஊரில். தந்தை ஒரு பொறியாளர். ஹார்டி சிறுவனாக இருந்தபோதே அவர் வேலையின் பொருட்டு ஜப்பான் சென்றுவிட்டார். அங்கிருந்து அவர் அனுப்பி வைத்த பொருள்களில் இருந்த கீழைநாட்டுச் சித்திரங்கள் தந்தை அருகில் இல்லாத அந்தப் பிள்ளையின் மனத்தில் பதிந்தன.

பத்து வயதில் அவருக்கு ஒரு பித்துப் பிடித்தது. தோழன் ஒருவனின் தந்தை, போர்க்காலத்தில் படையில் இருந்தபோது பச்சை குத்திக்கொண்டவர். அந்தக் கைகளைக் கண்டதுமுதல் சிறுவன் ஹார்டிக்கு வேறு எதிலும் நாட்டமில்லை. வீட்டிலேயே ஒரு விளையாட்டுக் கடை வைத்தான். அண்டை வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கண்ணுக்கு மை தீட்டும் கோலாலும் வண்ணப் பென்சில்களாலும் அவர்கள் கைகளிலும் மார்பிலும் கழுகும் கப்பலும் பாம்பும் வரைந்தான். லாங் பீச் நகரின் கேளிக்கைப் பூங்காவில் பெர்ட் கிரிம் என்பவர் நடத்திய பச்சைக் கடைக்குச் சென்று, கண்கொட்டாமல் பார்த்து நின்றான்.

அன்று அவன் காகிதத்தில் வரைந்த படங்கள் தூக்கியெறியப்படவில்லை, பாதுகாக்கப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பின், 2019-இல், சான் பிரான்சிஸ்கோ நகரின் புகழ்பெற்ற டி யங் அருங்காட்சியகத்தில் அவை கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கப்பட்டன. நம் வீட்டுப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைந்து தள்ளுகிற படங்களை நாம் என்ன செய்கிறோம்? "பாடத்தைப் படிக்காமல் கிறுக்கிக்கொண்டிருக்கிறாயே" என்று கிழித்துப் போட்ட கைகள் நம்முடையவையும்தாம்.

வளர்ந்தபின் ஹார்டி சான் பிரான்சிஸ்கோ கலைக் கழகத்தில் சேர்ந்து அச்சோவியம் பயின்றார். செப்புத் தகட்டின் மேல் மெழுகு பூசி, கூரிய ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் இட்டு, அக்கோடுகளில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுக்கும் செதுக்கோவியமே அவர் தேர்ந்துகொண்ட துறை. கார்டன் குக் என்பவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஒரு கோட்டைக் கீறிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது எளிதன்று என்பது இக்கலையின் முதற்பாடம். ஊசி, மை, பொறுமை, திரும்பப் பெற முடியாத கோடு. அவர் கை பின்னாளில் தோலின்மேல் செய்யவேண்டியிருந்த வேலைக்கு அந்தச் செப்புத் தகட்டின்மேல்தான் பழகியது.

1967-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டில் அவர் செதுக்கிய ஒரு தன்னுருவப் படம் உண்டு. உடலெங்கும் பச்சை குத்திய இளைஞனாகத் தம்மை அதில் வரைந்துகொண்டார். அதற்கு அவர் இட்ட பெயர், தமிழில் சொன்னால், 'எதிர்காலத் திட்டங்கள்'. அமெரிக்காவின் முதன்மையான கல்விக்கூடங்களுள் ஒன்றான யேல் பல்கலைக்கழகம் மேற்படிப்புக்கு அவரை ஏற்றுக்கொள்ள முன்வந்திருந்தது. அங்குச் சென்றிருந்தால் பேராசிரியர் பதவியும் மாதச் சம்பளமும் நிச்சயம். ஹார்டி செல்லவில்லை. பச்சை குத்தப் போனார்.

அக்காலத்து அமெரிக்காவில் அந்தத் தொழிலின் நிலை என்ன என்பதை வாசகர்கள் அறியவேண்டும். துறைமுகத் தெருக்களிலும் சாராயக் கடைகளின் அண்டையிலும் நடந்த தொழில் அது. மாலுமிகள், படைவீரர்கள், சிறை மீண்டவர்கள் என்போரே பெரும்பாலும் வாடிக்கையாளர். சுவரெங்கும் மாதிரிப் படங்கள் தொங்கும்; விரும்பியதைச் சுட்டிக்காட்டினால் அரைமணி நேரத்தில் குத்தி அனுப்பிவிடுவார்கள். நியூயார்க் நகரம் மஞ்சள் காமாலைத் தொற்றுக்கு அஞ்சி 1961-இல் இத்தொழிலையே தடை செய்தது. அந்தத் தடை 1997-இல்தான் நீங்கியது. ஆலய முற்றத்தில் அந்தத் தந்தையின் முகத்தில் நாம் கண்ட அச்சத்தை அன்றைய அமெரிக்கப் பெற்றோர் முகத்திலும் காணலாம். அது காரணமற்ற அச்சமும் அன்று.

ஹார்டிக்கு வழிகாட்டியவர்கள் விசித்திரமானவர்கள். முதலாமவர் பில் ஸ்பாரோ என்ற பெயரில் தொழில் செய்த சாமுவேல் ஸ்டூவர்டு. சிகாகோ நகரில் கத்தோலிக்கத் துறவியர் சபைகள் நடத்திய பல்கலைக்கழகங்களில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, அதை விட்டுப் பச்சை குத்த வந்தவர். ஜப்பானியர் உடல் முழுவதும் தீட்டிக்கொள்ளும் பெருஞ்சித்திரங்களைப் புத்தகத்தில் ஹார்டிக்குக் காட்டியவர் இவரே. தந்தை அனுப்பிய பொருள்களில் சிறுவயதில் கண்ட அதே கோடுகள், அதே அலைகள், அதே நாகங்கள்! அவற்றை மனித உடலில் கண்டபோது தாம் எங்குச் செல்லவேண்டும் என்பது அந்த இளைஞருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் உடனே செல்ல இயலவில்லை. கனடாவின் வான்கூவர், பின் சியாட்டில், பின் கடற்படைத் தளம் அமைந்த சான் டியேகோ என ஊர் ஊராகக் கடை வைத்தும் பிறரிடம் வேலை செய்தும் பல ஆண்டுகளைக் கழித்தார். வியட்நாம் போர் நடந்த காலம் அது. கப்பலேறும் முன் கையில் ஒரு நங்கூரமோ, தாயின் பெயரோ, காதலியின் பெயரோ குத்திக்கொள்ள வந்த மாலுமிகளின் கூட்டம் அவருக்குக் கைப்பழக்கத்தைத் தந்தது. கலைக் கழகத்தில் படித்த படிப்பு, தெருவோரத் தொழிலில் புடம் போடப்பட்டது.

இரண்டாம் வழிகாட்டி, ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில் கடை வைத்திருந்த நார்மன் காலின்ஸ். 'மாலுமி ஜெர்ரி' என்றே உலகம் அவரை அறியும். 1911-இல் பிறந்தவர், தாமும் கடற்படையில் இருந்தவர். தூய்மையில் அவர் மிகக் கண்டிப்பானவர். ஊசிகளைக் கொதிநீராவிக் கலத்தில் இட்டுக் கிருமி நீக்கவேண்டும், ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தலாகாது என்று பிறர் பொருட்படுத்தாத காலத்திலேயே வற்புறுத்தியவர். தோலுக்குத் தீங்கு செய்யாத புதிய வண்ணங்களையும் தேடித் தேடிச் சேர்த்தவர். கடல்கடந்து ஜப்பானியக் கலைஞர்களுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஹார்டி அவருக்குக் கடிதம் எழுதினார், பதில் வந்தது. கடிதம் நட்பாயிற்று; 1969-இல் ஹொனலூலு சென்று நேரிலும் கண்டார். 1973 ஜூன் மாதம் காலின்ஸ் காலமானார்.

காலின்ஸின் தொடர்பால்தான் ஜப்பான் கதவு திறந்தது. கிபு நகரில் வாழ்ந்த ஹோரிஹிதே என்னும் ஆசானிடம் 1973-இல் ஹார்டி சென்று சேர்ந்தார். 'ஹோரி' என்பது செதுக்குதலைக் குறிக்கும் சொல். அந்நாட்டில் பச்சை குத்தும் ஆசான்கள் தம் பெயருக்கு முன் அதைச் சூடிக்கொள்வர். ஜப்பானிய அரசு 1872-இல் பச்சை குத்துவதைத் தடை செய்தது; 1948-இல்தான் தடை நீங்கியது. இத்தனை ஆண்டு மறைவில் நடந்த தொழில், தடை நீங்கிய பின்னும் வெளியாருக்குத் திறக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வெள்ளைக்கார இளைஞர் அமர்ந்து, ஆசானின் பக்கத்திலிருந்து மாதக்கணக்கில் வேலை செய்தார்.

அங்கு அவர் கற்றது என்ன? மேலைநாட்டில் ஆங்கோர் இங்கோர் படமாக ஒட்டிவைத்தாற்போல் குத்துவார்கள். ஜப்பானிலோ முதுகு முழுவதும் ஒரே ஓவியம். நாகத்தின் தலை தோளில் தொடங்கினால் அதன் உடல் முதுகில் சுருண்டு தொடை வரை இறங்கும். இடைவெளியெல்லாம் காற்றும் அலையும் மேகமும் நிரப்பும். அந்த ஒரு வேலை முடிய ஆண்டுகள் செல்லும். 1820-களின் இறுதியில் குனியோஷி என்னும் ஓவியர் வீரர்களின் உருவங்களைப் பச்சை குத்திய உடலோடு மர அச்சில் வெளியிட்ட நாள்முதல் அங்கே அச்சோவியரும் பச்சைக் கலைஞரும் அண்ணன் தம்பிகளாகவே இருந்து வந்தனர். அச்சோவியம் படித்த ஹார்டிக்குத் தம் இரு தொழிலும் ஒன்றே என்பது அங்கே உறுதியாயிற்று.

ஆனால் ஜப்பானில் தங்கிவிட அவர் எண்ணவில்லை. அங்கு வந்த வாடிக்கையாளருள் பலர் சட்டத்துக்குப் புறம்பான கூட்டங்களைச் சேர்ந்தவர்கள். குத்தவேண்டிய உருவங்களும் மரபு வகுத்தவையே. 1974-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பி, 'ரியலிஸ்டிக்' என்ற பெயரில் ஒரு கூடத்தைத் தொடங்கினார். இத்தொழிலின் வரலாற்றில் அது ஒரு திருப்பம். சுவரில் மாதிரிப் படங்கள் இல்லை. நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. முன்கூட்டியே நேரம் கேட்டு வரவேண்டும். வந்தவரை முதலில் அமரச் செய்து பேசுவார். என்ன வேண்டும், ஏன் வேண்டும், உடலில் எவ்விடத்தில் வேண்டும் என்று கேட்டறிந்து, அந்த ஒருவருக்கென்றே ஒரு படத்தை வரைந்து, அதன்பின்பே ஊசியைக் கையில் எடுப்பார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தோம். வாழ்நாள் முழுவதும் அழியாத ஒன்றைச் செய்துகொள்ள வருகிறவனிடம் "ஏன்?" என்று கேட்பது எவ்வளவு பெரிய கடமை! காசைக் கொடுத்தவுடன் குத்தி அனுப்புவதற்கும், கேட்டுத் தெளிந்து செய்வதற்கும் இடையே உள்ள தூரத்தை அந்த மனிதர் கண்டிருந்தார். ஆலய முற்றத்தில் அந்தத் தந்தை வந்து நின்றபோது, நாம் அந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்கவில்லையே!

ஹார்டியின் வரலாற்றில் கத்தோலிக்க வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு கட்டம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிழக்குப் பகுதியில் மெக்சிகோ வழிவந்த மக்கள் செறிந்து வாழ்கின்றனர். பெரும்பாலோர் நம் மறையினர். அங்கே 1975-இல் சார்லி கார்ட்ரைட் என்பவர் ஒரு கடை தொடங்கினார். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுக்கு ஆட்பட்டு, 1977-இல் தொழிலை விட முற்பட்டபோது, அக்கடையை வாங்கி மூடாமல் காத்தவர் ஹார்டி.

அங்குக் குத்தப்பட்ட உருவங்கள் எவை? குவாதலூப்பே அன்னை, முள்முடி தரித்த இயேசு, செபிக்கும் கைகள், இறந்துபோன தாயின் முகம். ஒற்றை ஊசியால், கறுப்பும் சாம்பலும் மட்டுமே கொண்டு, புகைப்படம்போல் நுணுக்கமாகத் தீட்டும் முறை அது. அந்த முறை பிறந்த இடம் சிறைச்சாலை. அங்கே வண்ணமும் இல்லை, கருவியும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியின் சிறு மோட்டாரையும் கித்தார்க் கம்பியையும் கொண்டு கைதிகள் தாமே கருவி செய்துகொண்டார்கள். இளமையில் அடைபட்டுக் கிடந்த இடங்களில் இக்கலையைப் பழகிய பிரெடி நெக்ரெட்டெ என்னும் இளைஞருக்கு அக்கடையில் வேலை கிடைத்தது. பின்னாளில் அவர் தம் துறையில் மதிக்கப்படும் கலைஞராகி, 2016-இல் தம் வாழ்க்கையை நூலாகவும் வெளியிட்டார். யாரும் தொழில் கொடுக்கத் தயங்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு நாற்காலியும் விளக்கும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் ஒரு சான்று.

அப்படியாயின் பச்சை குத்துவது பாவமா என்று அந்தத் தந்தை கேட்ட கேள்விக்கு விடை என்ன? லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் இசுராயேல் மக்களுக்கு அது விலக்கப்பட்டிருப்பது உண்மை. இறந்தோருக்காக உடலைக் கீறிக்கொள்ளும் வழக்கத்தோடு சேர்த்தே அங்கு அது சொல்லப்படுகிறது. புறவினத்தாரின் வழிபாட்டு முறைகளிலிருந்து மக்களை விலக்கிக் காக்க எழுந்த விதி என்று மறைநூல் வல்லுநர் பலர் விளக்குவர். திருச்சபை இதற்குப் பொதுத்தடை விதிக்கவில்லை. எகிப்து நாட்டுக் காப்து கிறிஸ்தவர்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் சிறு சிலுவை குத்திக்கொள்வது நெடுங்கால வழக்கம். எருசலேமுக்குத் திருப்பயணம் சென்றவர்கள் அதன் அடையாளமாகக் கையில் சிலுவை குத்திக்கொண்டு திரும்பியதும் பல நூற்றாண்டு வழக்கம். எதைக் குத்துகிறோம், ஏன் குத்துகிறோம், உடலுக்குத் தீங்கு வராமல் குத்துகிறோமா என்பவையே நாம் கேட்கவேண்டியவை.

ஹார்டியின் கதைக்குத் திரும்புவோம். 1982-இல் தம் மனைவி பிரான்செஸ்காவுடன் ஒரு பதிப்பகம் தொடங்கி, பச்சைக் கலைக்கென்றே ஓர் இதழ் நடத்தினார். 1991 வரை வெளிவந்தவை ஐந்தே இதழ்கள். ஆனால் பசிபிக் தீவினர், போர்னியோ மக்கள், மாலுமிகள், ஜப்பானியர் என்று பல இனத்தாரின் வழக்கங்களை மதிப்போடு ஆராய்ந்து, இத்தொழிலுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைத் தொழில் செய்வோருக்கே உணர்த்தியவை அவை. 1986-இல் ஹொனலூலுவில் குடியேறி, நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்த தூரிகையை மீண்டும் எடுத்தார்.

2000-ஆம் ஆண்டு சீன நாள்காட்டியின்படி நாகத்தின் ஆண்டு. அவ்வாண்டில் 4 அடி அகலமும் 500 அடி நீளமும் கொண்ட ஒரே சுருளில் 2000 நாகங்களை வரைந்து முடித்தார். தாம் பயின்ற கலைக் கழகமே அவ்வாண்டில் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. பேராசிரியர் ஆகும் வழியை விட்டுத் தெருவோரத் தொழிலுக்குச் சென்றவரைக் கல்விக்கூடம் முப்பத்து மூன்று ஆண்டுக்குப்பின் தானே அழைத்து மாலையிட்டது.

கதை இங்கு முடிந்திருந்தால் இது வெறும் வெற்றிக் கதை. ஆனால் இதற்குப் பின் நடந்ததே நம்மை மிகுதியாகச் சிந்திக்க வைத்தது. 2004 வாக்கில் கிறிஸ்டியன் ஓடிஜியே என்னும் ஆடை வணிகர் ஹார்டியின் படங்களைச் சட்டைகளில் அச்சிட உரிமை பெற்றார். பனியன், தொப்பி, வாசனைத் திரவியம் என்று கண்ட பொருளிலெல்லாம் புலியும் மண்டையோடும் இதயமும், அவற்றின் குறுக்கே பெரிய எழுத்தில் 'எட் ஹார்டி' என்ற பெயரும். திரைப்பட நடிகர்கள் அணிந்தார்கள், உலகம் அணிந்தது. பணம் வந்தது. ஆனால் பெயர் போயிற்று. எட் ஹார்டி என்றால் பகட்டான சட்டை என்றே மக்கள் எண்ணினர்; அப்பெயரில் உயிரோடு ஒரு கலைஞர் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியவில்லை. ஒப்பந்தம் பற்றிய பிணக்கு வழக்குமன்றம் வரை சென்றது. 2009-இல் உரிமையின் பாதியையும் 2011-இல் பெரும்பகுதியையும் ஐகானிக்ஸ் என்னும் நிறுவனம் வாங்கியது. சில ஆண்டுகளில் அந்த மோகமும் தணிந்தது.

ஒருவரை அமர்த்தி, பேசி, அவருக்கென்றே வரைந்த கை ஒன்று. யார் என்றே தெரியாத இலட்சக்கணக்கானோர் அணிந்து, சலித்தபின் கழற்றி எறிந்த சட்டை மற்றொன்று. இரண்டின்மேலும் இருந்தது ஒரே பெயர். இதற்காக நாம் ஹார்டியைப் பழிக்கவில்லை. முதுமையில் ஊசியைக் கீழே வைக்கவும், கவலையின்றி ஓவியம் தீட்டவும் அந்தப் பணம் அவருக்கு வழி செய்தது. ஆனாலும் தம் பெயரைப் பிறர் கையில் கொடுப்பதும் ஒருவகையில் பச்சை குத்திக்கொள்வதுதான், எளிதில் அழிவதில்லை. 2013-இல் அவர் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 2017-இல் தம் அச்சோவியங்களின் பெருந்தொகுதியைச் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகத் தந்தார். அதன் பயனாகவே 2019-இல் அந்தப் பெருங்கண்காட்சி நடந்தது.

அக்கண்காட்சியில் தாளும் துணியும் இருந்தன, படங்கள் இருந்தன. ஆனால் அவருடைய மிகச் சிறந்த வேலைகள் அங்கே இருந்திருக்க முடியாது. ஏனெனில் அவை மனிதரின் தோலில் இருந்தன. தோலின் மேலடுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும்; அதன் கீழுள்ள அடுக்கில் இட்ட மை மட்டும் நிலைக்கும். அதுவும் அந்த மனிதர் உள்ளவரைதான். மாதக்கணக்கில் உழைத்துத் தீட்டிய பெருஞ்சித்திரம் ஒருநாள் கல்லறைக்குள் சென்றுவிடும். இதை அறிந்தும் ஒருவர் குறையில்லாமல் உழைக்கிறார் என்றால், அவரிடம் நாம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. சமையலறையில் தினந்தோறும் ஆக்கி, ஆக்கியது அன்றே தீர்ந்துபோகக் காணும் நம் இல்லத்தரசியர் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

சென்ற வாரம் நாம் அந்த அன்பரின் இல்லத்துக்குச் சென்றோம். "அன்று அவசரப்பட்டுப் பேசிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முதலில் அவரிடம் சொன்னோம். பின்பு அவர் மகனை அழைத்து, "தம்பி, கையைக் காட்டு" என்றோம். தயங்கியவாறே சட்டைக் கையை உயர்த்தினான். முழங்கைக்குக் கீழே மூன்று புள்ளியும் ஒரு சிறு கோலமும் இருந்தன.

"இது என்ன?" என்றோம்.

"எங்கள் அப்பாயி கையில் இருந்தது ஐயா. சின்ன வயதில் அவர்களுக்குக் குறத்தி வந்து குத்தியதாம். நான் தூங்கும்வரை அதைத் தடவிக்கொண்டே இருப்பேன். அப்பாயி இறந்தபிறகு நினைவிலிருந்து வரைந்து, அதையே குத்தச் சொன்னேன்."

தந்தை எழுந்து வந்து மகனின் கையைப் பார்த்தார். அது தம் தாயின் கைக்கோலம் என்பதை அதுவரை அவர் கவனித்திருக்கவில்லை. கோபத்தில் உற்றுப் பார்க்கவே இல்லை. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அம்மாவுக்கு இந்தப் புள்ளி கொஞ்சம் மேலே இருக்கும்டா" என்று மட்டும் சொன்னார்.

தொழிலைப் பற்றிய முடிவு அன்று ஏற்படவில்லை. நாமும் முடிவு சொல்ல அங்குச் செல்லவில்லை. ஆனால் தந்தை மகனிடம் சில கேள்விகளைக் கேட்டார். யாரிடம் கற்கப் போகிறாய்? எத்தனை ஆண்டு? ஒருவருக்குப் போட்ட ஊசியை அங்கே என்ன செய்கிறார்கள்? குடிபோதையில் ஒருவன் வந்து குத்தச் சொன்னால் என்ன செய்வாய்? பதினாறு வயதுப் பிள்ளை வந்தால்? மகன் சிலவற்றுக்கு உடனே விடை சொன்னான். சிலவற்றுக்குக் "கேட்டு வந்து சொல்கிறேன் அப்பா" என்றான். தான் வரைந்த நோட்டு ஒன்றையும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தான். தாய் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

வாசக அன்பர்களே, நம் பிள்ளைகள் எல்லோரும் ஹார்டி ஆகிவிடமாட்டார்கள். ஆகவேண்டும் என்பதுமில்லை. பச்சை குத்தும் கூடங்களில் தூய்மையற்றவை உண்டு. ஆசைப்பட்டுக் குத்திக்கொண்டு பின்னர் அழிக்க முடியாமல் வருந்துவோரும் உண்டு. அந்த அபாயங்களைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது பெற்றோர் கடமை. ஆனால் சொல்வதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நாம் கேட்காமல் சொல்லிவிட்ட இரண்டு வார்த்தை ஒரு வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே பல மாதம் பேச்சில்லாமல் செய்திருந்தது. வாயிலிருந்து போன சொல்லும் ஊசி போட்ட கோடுதான். அதைக் கற்றுக்கொள்ள நமக்கு இத்தனை வயது ஆயிற்று.